'போல' விழுந்த இடம்

பூந்தா அரேனாஸில் காற்று மாதங்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
நான் அடுப்பருகே உட்கார்ந்து
இரவுப் பள்ளி விடைத்தாள் திருத்துகிறேன்.
இருபத்தேழு தாள்.
மூடிய ஜன்னலுக்குள்ளும் ஓரம் படபடக்கிறது.
மேலே கெட்டிலை வைத்தேன்.

முதல் கேள்வி:
உயிரில்லாததை ஆளாக்கி ஒரு வாக்கியம் எழுதுக.
விடைக்குறிப்பு தலைநகரிலிருந்து வந்தது,
மரங்கள் நேராக நிற்கும் ஊர்:
'காற்று கதவைத் தட்டியது.'
லாரி ஓட்டும் எவாரிஸ்தோ எழுதுகிறார்:
'தட்டாது. அந்தப் பழக்கம் அதற்கில்லை.
போன வியாழன் என் கதவைக்
கழற்றிக்கொண்டு போனது.
இது அணியா புகாரா,
நீங்களே முடிவு செய்யுங்கள்.'
இரண்டுக்கு இரண்டு போட்டேன்.

முரண்நகைக்குத் தானிட்சா ஒரே வரி:
'மாமனார் எனக்கு விட்டுப்போன சொத்து
இந்த ஊரில் ஒரு குடைக்கடை.'

ஆகுபெயர் என்றால் என்ன?
சால்மன் ஆலையில் முள்ளெடுக்கும் எர்மிந்தா
சரியாகத்தான் தொடங்குகிறாள்:
'முழுசுக்குப் பதில் ஓர் உறுப்பைச் சொல்வது.
எடுத்துக்காட்டு:
நாளை ஆறு மணிக்குப் பத்துக் கைகள் வேண்டும்
என்றார் மேற்பார்வையாளர்.'
அங்கே நிறுத்தியிருக்கலாம்.
பேனா அழுந்தித் தாள் கிழிந்த இடத்தில்
மேலும் இரண்டு வரி:
'மீதி உடம்பை எங்கே கழற்றி வைத்துவிட்டு வர?
என் முதுகுக்கு யார் சம்பளம் தருவது?'
விடை கேள்வியாக இருக்கக் கூடாது என்பது விதி.
விதியை எழுதியவரின் கை
எவ்வளவு மென்மையாக இருக்கும் என்று
சற்று நேரம் யோசித்தேன்.

உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு.
இருபத்தாறு பேரும் ஒரே பாட்டு:
'போல' இருந்தால் உவமை,
இல்லாவிட்டால் உருவகம்.
கரும்பலகையில் நான் எழுதிப் போட்டது
எனக்கே திரும்பி வந்தது, பிழைகளோடு.
நண்டுப் படகுக்காரர் நிவால்தோ ஓயார்சோ மட்டும்
வலைமுடிச்சுப் போன்ற எழுத்தில்:
'மனைவி சுரங்க வேலைக்கு வடக்கே போன வருஷம்
வீடு, சதை எடுத்த நண்டு ஓடு போல இருந்தது.
ஞாயிறுதோறும் போனில் பேசுவாள்.
அப்புறம் மாதம் ஒரு தரம்.
இப்போது வீடு நண்டு ஓடு.
"போல" எந்தத் தேதியில் விழுந்தது,
தெரியவில்லை.
தேதி கட்டாயம் என்றால்
மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்.'

எழுந்துபோய் அடுப்பைக் கூட்டினேன்.
குளிரவில்லை.

கடைசிக் கேள்வி, குறிப்புமொழி:
சொல்லாமல் சொல்வது.
ஒருவர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.
பழைய தந்திரம்,
ஒவ்வோர் ஆண்டும் ஒரு கெட்டிக்காரர்.
முட்டை போடப் பேனாவை எடுத்தேன்.
விளக்குக்கு நேரே தாள் சாய்ந்தபோது
ரப்பர் தேய்த்த தடம்,
மூன்று சொற்கள்.
படித்துவிட்டேன்.
இங்கே எழுத மாட்டேன்.
பெயரைக்கூடப் பார்க்காதது போல
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
(இந்தப் 'போல' எப்போது விழும்?)

படிவத்தில் கட்டம் ஒன்றே ஒன்று: எண்.
லாரி, குடை, முதுகு, நண்டு ஓடு
எல்லாம் அதற்குள் மடங்கின.

காலையில் கோப்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
கயிற்றைப் பிடித்து நடந்தேன்.
எனக்கு முன்னால் கயிற்றில் ஒரு கை.
விரல் இடுக்கில் செதில்,
கட்டை விரலில் பிளாஸ்திரி.
காற்று கொஞ்சம் மூச்சு வாங்கியபோது
கையோடு முழு ஆளும் திரும்பினாள்.
எர்மிந்தா.
"பாஸா, டீச்சர்?" என்று கத்தினாள்.
நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.
காற்று அதை எடுத்துக்கொண்டு போயிற்று.
இது அணி இல்லை.